வகுத்தலில் விடுபட்டவர்கள்

பல்லாவரத்தில் கல்லூரிச் சேர்க்கை நாட்களில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. சாதி, தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், ஆதார் எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். பின்னால் நிற்பவர் காதில் விழக் கூடாதென்று தந்தையின் தொழிலை மெல்லிய குரலில் சொல்லும் மாணவிகள் உண்டு.

இப்படிக் கேட்பதற்கு இங்கே இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளையும் மாணவர்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் நிரப்பிய படிவத்தில் சாதிவாரியாக ஆண், பெண் பத்திகள் இருந்தன. அப்படித் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாணவர் 1,88,650 பேர். அதில் ஆண்கள் 1,84,110. பெண்கள் வெறும் 4,540.

அடுத்து அவர் போட்ட வகுத்தலைப் பாருங்கள். படிக்கும் வயதினரில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்று அறிய, மக்கள்தொகையில் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டார். நான்கில் ஒருவர் என்று விடை வந்தது. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்து மூன்றில் ஒருவர் என்றார். சிறுமிகளையும் சேர்த்து வகுத்திருந்தால் பள்ளிக் கணக்கு ஏறக்குறைய பாதியாகியிருக்கும். எழுதப் படிப்பது ஆடல் மகளிருக்கே உரியது என்று சமூகம் கருதியதைப் பதிவு செய்தவரும் அவரே. தடை தெரிந்தும் தடுக்கப்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை.

இன்று மாணவியின் எல்லா விவரமும் கணினியில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பதினேழு வயது மாணவியின் ஒப்புதலை அல்ல.

இப்போதெல்லாம் நான் வாய்விட்டுக் கேட்பதில்லை. படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஒவ்வொரு விவரமும் எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். சில கட்டங்களுக்கு என்னிடமே பதில் இல்லை.