மேலே வேலை, கீழே ஆள்: பிளந்த திரை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு பாப்ரிகேஷன் ஷெட்டில் திட்ட மேலாண்மை மென்பொருள் ஒன்றைக் காட்டினார்கள். திரை குறுக்காக இரண்டாகப் பிளந்திருந்தது. "மேல பாருங்க, வேலை. கீழ பாருங்க, ஆளு" என்றார் பிளானிங் பார்க்கும் இளைஞர். மேலே வேலைகளின் வரிசை, பக்கத்தில் நாட்களைக் காட்டும் நீலப் பட்டைகள். ஒரு பட்டையைத் தொட்டால் அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்ட ஆட்களும் மணிக்கணக்கும் கீழே வந்து நிற்கின்றன. எட்டிப் பார்த்த வெல்டர் ஒருவர், "நான் எங்க தம்பி இருக்கேன்?" என்று கேட்டார். தம்பி ஒரு பட்டையைத் தொட்டார். 'வெல்டர் 2' என்று வந்தது. அடுத்த பட்டையைத் தொட்டதும் அவர் காணாமல் போனார். எல்லோரும் சிரித்தோம், அவர் உட்பட.

இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் 1984இல் டாஸ் கணினிகளுக்காக வந்தது. ப்ரைமவேரா நிறுவனம் அதற்கு ஓராண்டு முன்பு, 1983இல் தொடங்கியது. இவ்வகை மென்பொருளில் பிளந்த திரை ஒரு வசதி. ஆனால் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு: மேல் பாதியில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதை ஒட்டியே கீழ்ப் பாதி பேசும். கீழ்ப் பாதிக்குச் சொந்தப் பேச்சு கிடையாது. அங்கே மனிதருக்குப் பெயர் 'ரிசோர்ஸ்', அதாவது வளம். சிமெண்டும் கிரேனும் மேஸ்திரியும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஒருவர் தலையில் அளவுக்கு மீறி வேலை ஏறினால் அவர் பெயர் சிவப்பாகிறது. அது அவருடைய களைப்பைச் சொல்லும் சிவப்பு அல்ல, அட்டவணை இடிக்கிறது என்று சொல்லும் சிவப்பு.

பட்டைகளின் வரலாறு கணினிக்கு முந்தியது. 1861இல் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட், டெய்லரோடு வேலை செய்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தளவாட உற்பத்தியில் இவருடைய வரைபடங்கள் பரவின. அவருடைய வரைபடத்தைப் பற்றி வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூலில் 'ஆள் பதிவு' வரைபடம் ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி அன்றைய இலக்கை எட்டாவிட்டால் காரணத்தை ஓர் எழுத்தால் குறிக்க வேண்டும்: ஆள் வரவில்லை, புது ஆள், மூலப்பொருள் சரியில்லை, கருவி சரியில்லை, சரியாகச் சொல்லித்தரவில்லை. கவனியுங்கள், இவற்றில் பல தொழிலாளியின் குற்றமல்ல, நிர்வாகத்தின் குற்றம். கண்காணிப்பின் கருவிக்குள்ளேயே கண்காணிப்பவரைக் கேள்வி கேட்கும் ஓர் இடுக்கு இருந்தது. ஆனால் அந்த எழுத்தை எழுதும் பென்சில் தொழிலாளியிடம் இல்லை. இதே வரைபடத்தைச் சோவியத் திட்டமிடலும் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதலாளி போனாலும் பட்டை போகவில்லை.

இப்போது பொன்மலைக்கு வருவோம். 1920களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றாகக் குவிக்கத் திட்டமிட்டது. காகிதத்தில் பார்த்தால் அழகான திட்டம். மேல் பாதியில் எல்லாம் சரியாக இருந்தது: இயந்திரங்கள், கொட்டகைகள், தண்டவாளங்கள். கீழ்ப் பாதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'உபரி' ஆனார்கள். யார் இருப்பது, யார் போவது என்று பிரிக்க டிரேடு டெஸ்ட் வந்தது. காண்ட் வரைபடம் கம்பெனி ஆபீஸ் சுவரில் தொங்கியதா என்பதல்ல கேள்வி. வேலையை முதலில் வரைந்துவிட்டு அதற்குப் பொருந்தாதவரை 'மிச்சம்' என்று கணக்கிடும் பார்வை அங்கே இருந்தது. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. பத்து நாள் ரயில் பாதையே போர்க்களமானது. போராட்டம் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று அதே பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கீழ்ப் பாதி தன் சொந்தக் குரலில் பேச முயன்ற தருணங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

"அப்படின்னா திரையைப் புரட்டிப் போட்டுடலாமே? ஆளை மேலே வைச்சுட்டா போச்சு" என்று ஒரு தோழர் கேட்டார். மென்பொருளில் அது முடியும். ஆட்களின் பட்டியலை மேலே வைத்து ஒருவரைத் தொட்டால், அவர் தலையில் விழுந்த எல்லா வேலைகளும் கீழே வந்துவிடும். வெல்டர் காணாமல் போகமாட்டார். ஆனால் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் இந்த நம்பிக்கை தடுமாறுகிறது. கோயிலொழுகு என்னும் கோயில் வரலாற்று நூல், ராமானுஜர் கோயில் பணியாளர்களின் ஐந்து கொத்துகளைப் பத்தாக விரித்து ஒழுங்குபடுத்தினார் என்கிறது. அங்கே மேல் பாதியில் இருப்பது ஆள்தான்: இன்ன கொத்து, அதற்கு இன்ன கைங்கர்யம், இன்ன மரியாதை. வேலை கீழே. ஆனால் அந்த ஆள் பிறப்பால் அந்த இடத்தில் ஆணி அடிக்கப்பட்டவர். யார் எதைத் தொடலாம், எதுவரை உள்ளே போகலாம் என்பதும் அதே ஒழுங்கின் பகுதிதான். பிறப்பு வழியே அர்ச்சகர் பதவி போவதை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1970இல்தான் சட்டம் வந்தது. ஆக, ஆளை மேலே வைப்பதே விடுதலை ஆகிவிடாது. சாதி செய்தது அதைத்தான்: ஆளைப் பார்த்து வேலையை எழுதியது.

ஸ்ரீரங்கத்திலேயே இன்னொரு திரையும் உண்டு. நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற தெற்கு ராஜகோபுரம், அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் முன்னின்ற முயற்சியால் 1987இல் முடிந்தது. 13 நிலைகள், சுமார் 236 அடி. ஜீயரின் பெயர் ஊருக்குத் தெரியும். எந்த நிலைக்கு யார் பணம் கொடுத்தார் என்பதும் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. சாரத்தில் ஏறிச் செங்கல் சுமந்த சித்தாள் யார்? அந்தப் பாதி நம் நினைவில் திறப்பதே இல்லை.

எனவே மேலா கீழா என்பதோடு கேள்வி முடியவில்லை. சுட்டி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஒரே நேரத்தில் வேலையையும் ஆளையும் பார்க்க முடிவது நல்லதுதான். கூலி, மணிக்கணக்கு, விபத்து என்று பேரம் பேச உட்காரும் சங்கத்துக்கு இந்தத் திரை பெரிய ஆயுதம். தனக்கு வாரம் எத்தனை மணி நேரம் எழுதியிருக்கிறது, உண்மையில் எவ்வளவு வாங்கப்பட்டது என்று பார்க்க அந்த வெல்டருக்கு உரிமை வேண்டும். தாமதத்துக்குக் காரணத்தை எழுதும் அந்த ஓரெழுத்தும் அவர் கையில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது அவர் மறுபடி திரையைப் பார்த்தார். "தம்பி, அந்தச் சிவப்பு எதுக்கு?" என்றார். "உங்களுக்கு ஓவர் லோடுண்ணே." "அது எனக்கு முன்னமே தெரியுமே," என்றார்.