தேர்க்காலும் பொதுச்சாலையும்

மனுநீதிச் சோழனின் கதையை நாம் அனைவரும் பள்ளிநாள்களிலேயே கேட்டிருக்கிறோம். ஆராய்ச்சி மணி, கண்ணீர் விட்ட பசு, மகனென்றும் பாராமல் மன்னன் அளித்த தீர்ப்பு ஆகியவையே அக்கதையில் பெரிதும் பேசப்படுபவை. கதை தொடங்கும் இடத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இளவரசன் தன் தேரேறி வீதிவழியே போகிறான். அவன் சென்றது போர்க்களத்துக்கு அன்று. மக்களும் மாடுகளும் நடமாடும் திருவாரூர்த் தெருவுக்கு. துள்ளி ஓடிவந்த கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. பெரியபுராணம் இக்கதையை விரித்துரைக்கும்போது இளவரசன்மேல் கெட்ட எண்ணம் எதையும் ஏற்றுவதில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆயினும் இறந்தது கன்று, ஓடியது அவனுடைய தேர் என்பதை மன்னன் தள்ளிவிடவில்லை.

விரைவாகச் செல்லும் வாகனம் ஒன்றை உடையவர், அது தம்முடையது என்னும் உரிமையால், எல்லோருக்கும் உரிய சாலையில் அதை எவ்வளவு விரட்டலாம்? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்றுகொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சமவெளியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலத்தை அடைகிறது. அங்கிருந்து மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்கும், பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து கரூருக்கும் செல்கிறது. இருமருங்கிலும் குன்றுகள் தொலைவில் நிற்க, நடுவே சாலை பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. சமவெளியின் ஒருபுறம் 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏற்காடு. மறுபுறம் காரவள்ளியிலிருந்து 70 வளைவுகளில் ஏறும் கொல்லிமலை. வண்டியோட்டுவதில் இன்பம் காண்பவர்களுக்கு நேர்ச்சாலையும் வளைவும் இவ்வளவு அருகருகே வாய்ப்பது அரிது. விடுமுறை நாள்களின் விடியற்காலையில், தரையோடு தாழ்ந்த விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இச்சாலையில் உறுமிக்கொண்டு போவதைக் காண்கிறோம். அதே சாலையில் முட்டை ஏற்றிய வண்டிகளும், சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு கொண்டுசெல்லும் டிராக்டர்களும், மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளும், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட்டுகளும் உண்டு.

1903

மோட்டார் வாகன வரலாற்றில் 1903 ஒரு திருப்புமுனை எனலாம். சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன், நீராவியால் ஓடும் காரொன்றை அந்த ஆண்டில்தான் உருவாக்கி ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் நகரிலிருந்து மாட்ரிட் நகருக்குப் பொதுச்சாலைகள் வழியே ஒரு மோட்டார் பந்தயம் தொடங்கியது. புழுதி கண்ணை மறைத்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாலையின் விளிம்பில் நின்றார்கள். ஓட்டிகளும் பார்வையாளர்களுமாகப் பலர் மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்திவிட்டது.

இங்கிலாந்தும் அதே 1903-இல் சட்டமொன்றை இயற்றி, மோட்டார் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கி.மீ. என வரையறுத்தது. இந்த வரம்புக்குள் எந்த வண்டியின் முழுத்திறனையும் அறிய முடியாது என்பதால், லாக் கிங் என்னும் செல்வர் தம் சொந்த நிலத்தில் புரூக்லாண்ட்ஸ் என்னும் ஓடுதளத்தை அமைத்தார். 1907-இல் திறக்கப்பட்ட அதுவே மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் ஓடுதளங்களுள் தலையாயது. வேகம் என்பது ஒடுக்கப்படவேண்டிய குற்றமன்று, அதற்கெனத் தனியிடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே கல்லும் சிமெண்டுமாக உருப்பெற்றது.

இத்தாலி அந்தப் பாடத்தைக் கற்க இன்னும் அரைநூற்றாண்டு ஆயிற்று. ஊர்களின் ஊடாக, அன்றாடச் சாலைகளில் ஆயிரம் மைல் தூரம் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடும் மில்லே மிலியா பந்தயம் அந்நாட்டின் பெருவிழாவாக இருந்தது. 1957-இல் குயிதிட்சோலோ என்னும் சிற்றூருக்கருகே ஒரு ஃபெராரி காரின் டயர் வெடித்தது. காரில் இருந்த இருவரோடு, சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அந்த ஒன்பதில் ஐவர் குழந்தைகள். வேகப் பந்தயமாக மில்லே மிலியா அத்துடன் முடிந்துபோயிற்று.

சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

நம் நாட்டில் இந்த வரலாறு வேறு வகையில் நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அத்தளத்தில் பந்தயங்களை நடத்திவந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள எம்ஜி, ஜாகுவார் போன்ற பழைய வண்டிகள் சிலரிடம் இருந்தன. மற்றவர்கள் ஃபியட், அம்பாசிடர், சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றையே கழற்றிப் பூட்டி, எடை குறைத்து, பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்தினார்கள். 1980-களில் விஜய் மல்லையா என்சைன் என்னும் பழைய ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டியதும் உண்டு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான ஓடுதளம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

கொங்கு நாட்டின் பங்கு இவ்வரலாற்றில் பெரிது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினையும் உதிரிப்பாகங்களையும் கொண்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரொன்றை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர்பெற்ற அவ்வண்டி, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்ததை நடுத்தரக் குடும்பத்து இளைஞர் சிலரும் எட்டிப்பார்க்கும்படி செய்தது. கரிவரதன் 1995-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். கோவைக்கருகே செட்டிபாளையத்தில் 2000-களின் தொடக்கத்தில் அமைந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடக்கப் பயிற்சி பெற்ற நரேன் கார்த்திகேயன் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டியானார்.

நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ராலி என்னும் பந்தயம் பொதுச்சாலையை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. ஆனால் அது ஓர் ஒப்பந்தத்துக்குட்பட்டே சாலையைப் பயன்படுத்துகிறது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் பகுதிகளில், போட்டியாளர்கள் சாலைவிதிகளுக்குக் கட்டுப்பட்ட சாதாரணப் பயணிகள். வேகம் அளக்கப்படும் பகுதிகள் மற்ற வாகனங்களுக்கு அடைக்கப்பட்டு, காவலர் நிறுத்தப்பட்ட பின்னரே திறக்கப்படும். ஓட்டியின் கால் அதேதான், வண்டியும் அதேதான். எங்கே அழுத்தலாம் என்பது மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்டிருக்கிறது. தனியிடம் தேடிச்சென்ற நம் முன்னோடிகள் வேகத்தை வெறுத்தவர்கள் அல்லர். வேறெவரையும்விட அதை விரும்பியவர்கள் அவர்களே.

நான்குவழிச் சாலை

2000-களில் தங்க நாற்கரத்தோடு வடக்கு–தெற்குப் பெருவழித் திட்டமும் வந்தது. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் அப்பெருவழி சேலம், நாமக்கல் வழியே செல்கிறது. முன்பு ஏழாம் எண்ணாகவும் இன்று 44-ஆம் எண்ணாகவும் அறியப்படும் அச்சாலை நடுவே தடுப்புடன் நான்குவழியாக விரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் இந்தியச் சந்தைக்கு முறையாக வரத்தொடங்கின. சோழவரத்துத் தலைமுறை கனவிலும் காணாத வண்டியும் சாலையும் ஒருசேர வாய்த்தன. ஓடுதளங்களைத் தோற்றுவித்த பழைய நெருக்கடி நீங்கியது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

அந்தத் தோற்றத்தைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. 160-இல் 44 மீட்டர். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுசெல்ல ஒரு வினாடி ஆகும் என்றும், நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உள்ளன என்றும் வைத்துக்கொண்டால், முதல் வண்டி 60 மீட்டருக்குள் நின்றுவிடும். இரண்டாவது நிற்க 180 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்னும் இயற்பியல் விதியை எந்த விலையுயர்ந்த பிரேக்கும் மாற்றிவிட முடியாது.

உரிமையாளர்கள் சொல்லும் நியாயங்களை நாம் புறக்கணிக்க வேண்டியதில்லை. தேய்ந்த டயரோடும் அளவுக்கு மீறிய பாரத்தோடும் வரும் லாரியைவிடத் தங்கள் வண்டி பாதுகாப்பானது என்கிறார்கள்; அது பெரும்பாலும் உண்மையே. பல நாள் உறங்கிக் கிடக்கும் எஞ்சினை அவ்வப்போது நன்றாக ஓடவிட வேண்டும் என்கிறார்கள்; மெக்கானிக்குகளும் அதை ஒப்புவார்கள். அவர்களுள் பலர் ஊருக்குள் மிக மெதுவாகவே செல்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தரையிலிருந்து ஒரு சாண்கூட உயராத வண்டியை வேறு எப்படி ஓட்டுவது?

எனினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளால் நாடெங்கும் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களில் லாரித்தொழிலோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை உருளவிட்டு உயிரிழந்த ஓட்டுநர்களின் கதைகள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. அதுவும் பெருந்தவறுதான். ஆனால் அங்கே கூலியும் வாடகையும் நேரமும் சேர்ந்து ஒருவனை விரட்டுகின்றன. தம் சொந்தக் காரை விடியற்காலையில் 160-இல் ஓட்டுபவரை எவரும் விரட்டவில்லை. ஆகவே அவர் நிறுத்திக்கொள்ளவும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

சட்டம் இக்கேள்வியைப் பலமுறை தொட்டிருக்கிறது. 1964-இல் இங்கிலாந்தில், வேகவரம்பே இல்லாதிருந்த எம்1 நெடுஞ்சாலையில், ஏசி கோப்ரா கார் ஒன்று பந்தயத்துக்கு முன்னோட்டமாக விடியற்காலையில் மணிக்கு 185 மைல் வேகத்தில் ஓட்டப்பட்டது. அது அன்று குற்றமில்லை. நாளேடுகளில் பெரும் பரபரப்பாயிற்று. மறு ஆண்டு இறுதியில் 70 மைல் வரம்பு வந்தபோது, பனிமூட்ட விபத்துகளையே அரசு காரணமாகக் கூறியது. மக்களோ இன்றும் அந்தக் காரையே காரணமாகச் சொல்கிறார்கள். நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதுவிடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றமாக்கியது. முதன்முறைக் குற்றத்துக்கு 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5000 ஆயிற்று. நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் கார்களுக்கு 100 கி.மீ. வரை அனுமதித்த 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையை, விபத்து இழப்பீட்டு வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் நீக்கியது. அந்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை நிற்கிறது என்பதை நினைக்கும்போது, கதை சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

வேகத்தடை

சட்டத்தைக் காட்டிலும் பழக்கமான தீர்ப்பு ஒன்று நம் ஊர்களில் உண்டு. அதன் பெயர் வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுகளின்படி அது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்கவேண்டும். கிராமச் சாலைகளில் நாம் காண்பவற்றுள் பல அந்த அளவுக்கு அடங்குவதில்லை. செங்குத்தாக, அவசரமாகப் போட்டவை. காரணத்தை அறிய நெடுநேரம் ஆகாது. பள்ளிப்பிள்ளையோ, பால் ஊற்றப் போன கிழவியோ அடிபட்டு இறக்கிறார்கள். ஊரார் சாலைமறியல் செய்கிறார்கள். அதிகாரிகள் வந்து பேசுகிறார்கள். ஓரிரு நாளில் ஜல்லியும் தாரும் வந்து இறங்குகின்றன. ஊரார் தம் கையால் எழுதிய சட்டம் அது. தாழ்ந்த கார்களின் அடிப்பகுதி அதில் உரசும்போது உரிமையாளருக்கு எரிச்சல் உண்டாவது இயல்பே. எனினும், அப்படி எழுந்த தடை ஒவ்வொன்றும் ஒரு நடுகல் என்பதை அவர் அறிந்திருந்தால் நன்று.

நெடுஞ்சாலையில் அத்தகைய தடை போட இயலாது. காவல்துறையின் இரும்புத் தடுப்புகளே அங்கே மாறிமாறி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள நீண்ட வெற்றுத் தூரத்தில் ஓட்டுபவரின் மனம் ஒன்றே தடை. ஓடுதளத்தில் எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள். எல்லோரும் தலைக்கவசம் அணிந்திருக்கிறார்கள். எல்லோரும் ஆபத்தை அறிந்து ஒப்புக்கொண்டு வந்தவர்கள். புதுச்சத்திரத்தில் சாலையைக் கடக்கும் பெண் எதற்கும் ஒப்புக்கொடுத்தவள் அல்லள். தொலைவில் வரும் வண்டி 80-இல் வருமென்று எண்ணி அவள் காலை எடுத்து வைக்கிறாள். பழகிய சாலையில், பழகிய வேகத்தைக் கொண்டே அவள் கணக்குப் போடுகிறாள். 160-இல் வருபவர் சாலைவிதியை மட்டும் மீறவில்லை. அவளுடைய கணக்கையும் பொய்யாக்குகிறார்.

கரிவரதன் போன்றோர் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்டு வேகத்துக்கென ஓர் உலகை இந்த மண்ணிலேயே உருவாக்கிச் சென்றிருக்கிறார்கள். சேலத்திலிருந்து செட்டிபாளையம் சில மணிநேரப் பயணம்தான். அங்கே போய்ச்சேரும்வரை, குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் சற்றுநேரம் பொறுமையாகச் செல்லவேண்டியிருக்கும். அதுவும் வண்டியோட்டத் தெரிந்தவருக்குரிய திறன்களுள் ஒன்றே என நாம் கருதுகிறோம்.