வரப்பில் சிக்கிய பீரங்கிகள்
(ஆற்காட்டுப் போர்கள் - தொடர்)

ஐம்பது நாள் முற்றுகை முறிந்தது. ராஜா சாகிப் ஆற்காட்டை விட்டுப் பின்வாங்கினார் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகனான அவர் ஓய்ந்துவிடவில்லை. புதுச்சேரியிலிருந்து புதிய பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்தது. 1751 டிசம்பர் 3. ஆரணிக்கு அருகே இரு படைகளும் நேருக்கு நேர் நின்றன.

ராஜா சாகிப் பக்கம் 300 ஐரோப்பியர், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரைவீரர்கள். ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவிடம் இருந்தது 200 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், மராட்டியத் தலைவர் முராரி ராவ் அனுப்பிய 600 குதிரைவீரர்கள். கணக்குப் பார்த்தால் கிளைவ் தோற்றிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியது ஆரணிச் சேறு.

மழைக்காலம். கழனியெல்லாம் தண்ணீர். அதன் ஒரு பக்கம் பனந்தோப்பு, மறுபக்கம் ஒரு கிராமம். தோப்பில் மராட்டியர், கிராமத்தில் சிப்பாய்கள், நடுவில் ஐரோப்பியர் என்று கிளைவ் படையை நிறுத்தினார். கழனிக்குக் குறுக்கே மேடான மண்பாதை ஒன்று கிராமத்துக்குப் போயிற்று. பிரெஞ்சுப் பீரங்கிகள் வர அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்தப் பாதையில் அவை வரிசையாக ஏறியதும் கிளைவின் பீரங்கிகள் பக்கவாட்டில் முழங்கின. பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய்கள் பாதையை விட்டுக் கழனியில் குதித்தார்கள். முழங்கால் சேற்றில் நடப்பதே பாடு. இதில் மருந்தை நனையாமல் காத்துத் துப்பாக்கியை எப்படிக் கெட்டிப்பது? பனந்தோப்பில் மராட்டியர் திரும்பத் திரும்பப் பாய்ந்து மோதினர். பொழுது சாய்ந்தபோது ராஜா சாகிபின் படை ஆரணியை நோக்கி ஓடியது. அவருடைய ஒரு லட்சம் ரூபாய்ப் பணப்பெட்டி மராட்டியர் கையில் சிக்கியது.

மேலைநாடுகளில் இத்தகைய போர்களைச் சிறு பொம்மைப் படைகளாக்கி மேசைமேல் ஆடுவோர் உண்டு. ஆரணிச் சிப்பாய்க்கு அவர்கள் சிவப்புக் கோட்டு தீட்டிவிடக் கூடாது. அந்த ஆண்டில் அவனுக்குச் சீருடையே கிடையாது. தலைப்பாகையும் சொந்த உடுப்புமாகத்தான் களத்தில் நின்றான். இரு பக்கத்துச் சிப்பாயும் ஒரே ஊர்க்காரன் போலத்தான் தெரிந்தான். பிரெஞ்சுக்காரர் பழக்கிய சிப்பாய்கள் பலர் சண்டை முடிந்ததும் கிளைவிடம் வேலை கேட்டு வந்தார்கள். நல்ல துப்பாக்கியோடு வந்த சுமார் 600 பேரை அவர் சேர்த்துக்கொண்டார். நம் மண்ணைப் பிடித்துக் கொடுத்ததில் நம்மவர் கைக்குப் பெரும் பங்கு உண்டு. இதை மறைத்து எழுதும் வரலாறு பாதி வரலாறுதான்.

கிளைவ் அடுத்துக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பினார். அங்கே பெரிய கோயிலுக்குள் பிரெஞ்சுப் படை. அவர்களிடம் ரெவல், கிளாஸ் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் கைதிகள். "கோயிலைத் தாக்கினால் எங்களை மதில்மேல் நிறுத்திவிடுவார்கள்" என்று கிளைவுக்குக் கடிதம் எழுதும்படி பிரெஞ்சுக்காரர் அவர்களை மிரட்டினார்கள். இருவரும் எழுதினார்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தார்கள்.

அது என்ன? அடுத்த வாரம்.