ஷார்ட் பாஸின் நெடுவழி

பத்தடி தள்ளி நிற்கும் தோழனின் காலுக்குப் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு, தான் வேறோர் இடத்துக்கு ஓடுவது. ஷார்ட் பாஸ் என்றால் இவ்வளவுதான். மதுரையில் மாலை நேரத்தில் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போனால் இதைப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆனால் இது கால்பந்தோடு கூடப் பிறந்த வழக்கம் அல்ல. இதற்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. சுமந்து வந்த ஆட்கள் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு பயிற்சியாளரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறியே இது நடந்து வந்திருக்கிறது.

1872 நவம்பர் 30, கிளாஸ்கோ. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. அந்நாளில் பந்தைப் பிடித்தவர் தனியே இழுத்துக்கொண்டு ஓடுவார். அவர் தடுமாறினால் எடுத்துக்கொள்ள மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். இங்கிலாந்து வீரர்கள் எடை கூடியவர்கள். நேருக்கு நேர் முட்டினால் தோல்விதான் என்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று ஆடிய பதினொருவரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஓட்டம் மற்றவருக்கு அத்துப்படி. பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கோல் இல்லாமல் ஆட்டம் சமனில் முடிந்தது. உடல் பலத்தில் குறைந்தவர்களின் அறிவாகத்தான் ஷார்ட் பாஸ் உலகுக்கு வந்தது.

அதை ஐரோப்பாவுக்குள் எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் ஜிம்மி ஹோகன். லங்காஷையரில் பிறந்த இவர், ஃபுல்ஹாம் கிளப்பில் ஸ்காட்லாந்து வீரர்களோடு ஆடி இந்தப் பாணியைக் கற்றார். 1912-இல் வியன்னாவில் ஆஸ்திரியக் கால்பந்தின் முன்னோடி ஹியூகோ மைஸ்லுடன் சேர்ந்து வேலை செய்தார். 1914-இல் போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று ஆஸ்திரியாவில் பிடித்துவைக்கப்பட்டு, பின்னர் புடாபெஸ்ட் போய் எம்.டி.கே. கிளப்புக்குப் பயிற்சி அளித்தார். அங்கே அவருக்கு முன்பே ஜான் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் விதை போட்டிருந்தார். எம்.டி.கே. 1917 முதல் 1925 வரை ஹங்கேரி லீகைத் தொடர்ந்து வென்றது. அந்த மரபில் வந்த ஹங்கேரி அணி 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. சென்டர் ஃபார்வர்டு ஹிடேகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்தார். அவரைத் தொடர்வதா, இடத்தைக் காப்பதா என்று தெரியாமல் இங்கிலாந்துத் தடுப்பாளர்கள் திகைத்தார்கள். அவர் மூன்று கோல் அடித்தார்.

அந்த ஹங்கேரி அணிக்கு அருகே நம்மவர்களும் போயிருக்கிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. இறுதியில் அது வென்ற யுகோஸ்லாவியாவிடம்தான் இந்தியா 10-1 என்று தோற்றிருந்தது. அந்த இந்திய அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

ரஹீமின் பயிற்சி முறையை நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டும். டிரிபிளிங்கே கூடாது என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார். பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். பந்தை இழுத்துப்போக வழியில்லாதபோது பையன் தலையை நிமிர்த்தித் தோழனைத் தேடுவான். எந்தக் கால் பக்கம் வந்தாலும் பந்தை உடனே கொடுக்கப் பழகுவான். சொல்லிப் புரியவைக்க வேண்டியதை விதியை மாற்றியே பழக்கமாக்கினார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடி, 1955, 1958 ஆண்டுகளில் டூராண்ட் கோப்பை வென்றவர்.

1963-இல் ரஹீம் இறந்தார். அவரிடம் ஆடிய பி.கே.பானர்ஜி, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் பயிற்சியாளர்களுள் ஒருவரானார். அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்துக்கு ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை. மாணவர் பயிற்சியாளராகும்வரை பாணி உயிரோடு இருக்கும். அந்தச் சங்கிலி அறுந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். 2017-18 ஐ-லீக்கில் பின்வரிசையில் முடித்த சென்னை சிட்டி அணிக்குச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து வீரர்கள் வந்தார்கள். கோல்கீப்பரிடமிருந்தே பாஸ் தொடங்கியது. அடுத்த பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது. பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். எட்வின் வன்ஸ்பால், அஜித்குமார் போன்ற தமிழ்ப் பையன்கள் அந்த ஓட்டத்துக்குள் இயல்பாகப் பொருந்தினார்கள். நம் பையன்களுக்கு இது வராது என்று சொன்னவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் நவாஸ் 2020-இல் விலகினார். 2020-21 பருவத்துக்குப் பின் அந்த அணியே ஐ-லீக்கில் இல்லை.

அதே 2019-இல் மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றியது மதுரையின் சேது எஃப்.சி. காரியாபட்டி பக்கத்தில் உள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆதரவில் 2016-இல் பிறந்த கிளப் அது. நம் கரிசல் பூமிக் கல்லூரி ஒன்று நாட்டின் உச்சிக்கு ஓர் அணியை அனுப்ப முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள். 2022-இல் கிரிஸ்பின் செத்ரி பயிற்சியில் அதே அணி கடைசி ஆட்டம்வரை தோல்வி காணாமல் வந்து, பட்டத்துக்கான அந்த ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. செத்ரி பிறகு ஒடிசாவுக்குப் போய் 2023-24 லீகை வென்றார். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே.

கல்லூரி அணிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இளங்கலைப் பையன் மூன்று வருடத்தில் போய்விடுவான். ஆகவே அணியின் பாணி வீரர்களிடம் தங்காது, பி.டி. சாரிடம்தான் தங்கும். அவர் மாறினால் முதலில் மாறுவது கோல்கீப்பர். பழையவர் அவரை ஓங்கி உதைக்கச் சொல்லியிருப்பார்; புதியவர் பக்கத்து பேக்குக்கு உருட்டச் சொல்வார். பிறகு பேக்குக்கும் ஃபார்வர்டுக்கும் உள்ள தூரம் சுருங்கும். பிறகு ஆள் தேர்வு மாறும்: உயரத்துக்காக எடுத்த பையன் பெஞ்சுக்குப் போவான், முதல் தொடுதலில் பந்தை அடக்கத் தெரிந்த குட்டைப் பையன் உள்ளே வருவான். இவையெல்லாம் ஆட்டத்தில் தெரிய ஒரு முழுப் பருவமாவது வேண்டும்.

மதுரைச் சமவெளியில் ஷார்ட் பாஸ் ஆடுவது இன்னும் கடினம். மழைக்குப் பின் சில மாதங்கள் தவிர மைதானம் காய்ந்து இறுகிக் கிடக்கும். மேடு பள்ளத்தில் பந்து துள்ளும். உருட்டிய பாஸ் முழங்காலுக்கு ஏறும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியோ நாக் அவுட். ஒரு தவறு, ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இந்த நிலையில் லாங் பால் ஆடச் சொல்லும் பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது. நேரடியாக ஆடும் பாணியிலேயே பாப் ஹூட்டனின் இந்திய அணி 2007, 2009 நேரு கோப்பைகளை வென்றது. 27 ஆண்டுகளுக்குப் பின் 2011 ஆசியக் கோப்பையில் ஆடியது. எந்தப் பாணி என்பதைவிட, ஒரு பாணி வேரூன்றக் காலம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு தொடரில் தோற்றதும் பயிற்சியாளரை மாற்றும் கல்லூரி, அதுவரை கற்ற எல்லாவற்றையும் அவரோடு வெளியே அனுப்புகிறது. மாற்றுவது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஓய்வு வரும், இடமாற்றம் வரும். அதற்கு முன்பே கல்லூரி செய்யக்கூடியவை எளியவை. மைதானத்தில் கால்வாசியையாவது சமன்படுத்தித் தண்ணீர் விட வேண்டும். ரஹீமைப் போல விதியை மாற்றி விளையாடும் போட்டிகளை வகுப்புகளுக்குள் நடத்த வேண்டும். இறுதியாண்டில் ஆட்டம் புரிந்த ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் தேர்ந்தெடுத்து, உதவிப் பயிற்சியாளராக உட்கார வைத்து, பயிற்சியாளர் உரிமத் தேர்வுக்குக் கல்லூரிச் செலவில் அனுப்ப வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து புடாபெஸ்டுக்கும் ஹைதராபாத் பள்ளி மைதானங்களிலிருந்து ஜகார்த்தாவுக்கும் பாணிகளைக் கொண்டுபோனவர்கள், ஆடிக் கற்று, பிறகு கற்பிக்க உட்கார்ந்தவர்கள்தான். அப்படி ஒருவர் மதுரைக் கல்லூரி ஒன்றில் படித்து, அதே கல்லூரியில் பயிற்சியாளராகப் பத்து வருடம் இருந்தால் போதும். பிள்ளைகள் மாறினாலும் ஆட்டம் மாறாது.