மொழியியல் மகாநாடும் ஆய்வுச் சுருக்கமும்

மொழியியல் மகாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க விரும்பும் ஒருவர், அது கூடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தம் ஆராய்ச்சியின் சாரத்தை ஓரிரு பக்கங்களில் எழுதி அனுப்பி, அதைப் படித்துப் பார்க்கும் அறிஞர்களின் சம்மதத்தைப் பெற்ற பிறகே மேடை ஏற முடியும் என்பது இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அந்த ஓரிரு பக்கத்தை வெறும் நுழைவுச் சீட்டு என்று கருதி, தவணை முடியும் நாளின் இரவில் அவசரமாக எழுதி அனுப்பிவிடுகிறவர்கள் நம்மிடையே பலர். ஆனால் மொழிநூலின் சென்ற நூற்றாண்டுச் சரித்திரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்க்கு, பெருநூல்கள் பின்னால் விரித்துரைத்த சித்தாந்தங்களைச் சில வேளைகளில் இந்தச் சிறு ஏடுகளே முந்திக்கொண்டு சொல்லியிருப்பது புலப்படும்.

ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 10 முதல் 15 வரை முதலாவது சர்வதேச மொழியியல் மகாநாடு கூடிற்று. டச்சு அறிஞர் உலென்பெக் அக்கிராசனம் வகித்தார். நைமேகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்க்ரைனன் காரியதரிசியாக இருந்தார். இம்மகாநாட்டை நடத்தியவர்கள், வந்தவர் வாயில் வந்ததைப் பேசிக் கலைவதற்கு இடம் கொடாமல், மொழிநூல் அன்று எதிர்கொண்டிருந்த பிரச்சினைகளைச் சில வினாக்களாக வகுத்து, அவற்றை அறிஞர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, எழுத்து மூலமான விடைகளைப் பெற்றுக்கொண்டார்கள். நாம் இன்று எழுதும் ஆய்வுச் சுருக்கத்தின் முன்னோர்களுள் ஒன்று இந்த விடைதான் என்பது என் துணிபு.

வினாக்களுள் ஒன்று, எந்த ஒரு பாஷையின் ஒலியமைப்பையும் குறைவின்றியும் உபயோகத்துக்கு ஏற்றவாறும் விவரிப்பதற்குத் தகுந்த முறைகள் யாவை என்பது. ருஷ்ய தேசத்தை விட்டு வெளியேறிப் பிராக் நகரில் குடியேறியிருந்த ரோமன் யாக்கப்சன், 1927 அக்டோபரில் அதற்கு விடை எழுதினார். முப்பது வயதை அப்போதுதான் கடந்திருந்த அவரோடு, வியன்னாவில் பேராசிரியராக இருந்த துருபெட்ஸ்காயும், ஜினீவாவில் இருந்த கார்ட்செவ்ஸ்கியும் கையொப்பமிட்டார்கள். தாய்நாட்டைப் பிரிந்து மூன்று நகரங்களில் சிதறிக் கிடந்த மூவர், சில பக்கங்களுக்கு மேற்படாத ஓர் ஏட்டினால் ஒன்றுபட்டார்கள். மகாநாட்டு நடவடிக்கைகளில் 22ஆம் பிரேரணை என்று பெயர் பெற்றது அந்த ஏடுதான்.

அதன் சாரத்தை நம் பாஷையிலிருந்தே உதாரணம் காட்டி விளக்கலாம். பல், பால் என்ற இரு சொற்களையும் வேறாக்குவது உயிரின் குறிலும் நெடிலுமே. ஆகையால் அந்த வேற்றுமை பொருளைத் தாங்கி நிற்கிறது. கல் என்பதில் வரும் ககரமும் பகல் என்பதில் வரும் ககரமும் காதுக்கு வேறாக ஒலித்தாலும், அந்த வேற்றுமையால் தமிழில் ஒரு சொல் மற்றொரு சொல்லாகிவிடுவதில்லை. பொருளை வேறுபடுத்தும் ஒலிகள் எவை, அவை தமக்குள் எவ்விதம் உறவு பூண்டிருக்கின்றன என்று கண்டு, ஒலிகளை ஒரு முறைமையாக விவரிக்க வேண்டும் என்றும், காலப்போக்கில் ஒலிகள் அடையும் மாறுதல்களையும் தனித்தனி விபத்துக்களாகக் கொள்ளாமல் அந்த முறைமையோடு வைத்தே ஆராய வேண்டும் என்றும் மூவரும் வாதித்தார்கள். இதன் பயனாக 1930 டிசம்பரில் பிராக் நகரில் இந்த ஆராய்ச்சித் துறையாகிய ஒலியனியலுக்கென்றே ஒரு சர்வதேச மகாநாடு கூடிற்று. 1938இல் காலமான துருபெட்ஸ்காய் அத்துறையைப் பற்றி எழுதிய பெருநூல் மறுவருஷம் பிரசுரமாயிற்று. அதில் அவர் தமிழ் ஒலிகளையும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். விரிந்த நூல் வருவதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பே அதன் வித்து மகாநாட்டுக்கு அனுப்பிய ஏட்டில் இருந்தது.

ஜினீவா, ரோம், கோபன்ஹேகன் நகரங்களுக்குப் பிறகு, ஐந்தாவது சர்வதேச மொழியியல் மகாநாடு பிரஸ்ஸல்ஸில் 1939 ஆகஸ்டு 28 முதல் செப்டம்பர் 2 வரை நடைபெற ஏற்பாடாகியிருந்தது. வினாக்களுக்கு வந்த விடைகளும் கட்டுரைச் சுருக்கங்களும் முன்கூட்டியே அச்சேறிவிட்டன. செப்டம்பர் முதல் தேதி ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. அதற்கு முன்பே சூழ்ந்துவிட்ட யுத்த அபாயத்தால் மகாநாடு நடைபெறவே இல்லை. மறு மகாநாடு பாரிஸில் கூட 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. யுத்தம் கலைத்துவிட்ட அந்தச் சபையில் யார் யார் என்னென்ன சொல்ல இருந்தார்கள் என்பதற்கு, அச்சான அந்த ஏடுகளே சாட்சி. மேடையில் ஒலிக்காத ஓர் எண்ணத்தை அழியாமல் காத்துக் கொடுத்த இத்தகைய ஏட்டை அற்பமென்று யார் சொல்லத் துணிவார்?

நம் தேசத்திலும் இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. 1919இல் பூனாவில் தொடங்கி, 1924இல் தன் மூன்றாவது கூட்டத்தைச் சென்னையில் நடத்திய அகில இந்தியக் கீழ்த்திசை மகாநாட்டில், கட்டுரைச் சுருக்கங்களைத் தொகுத்து அச்சிட்டு வழங்குவது நெடுநாளைய சம்பிரதாயம். அந்த மகாநாடு 1928இல் லாகூரில் கூடியபோதுதான் இந்திய மொழியியற் கழகமும் தோன்றிற்று. தமிழாராய்ச்சிக்கும் இத்தகைய மகாநாடு பின்னர் வாய்த்தது: 1964இல் புதுடில்லியில் உலகக் கீழ்த்திசை அறிஞர்கள் கூடிய சமயத்தில் தமிழறிஞர் தனிநாயக அடிகளாரும் அவர் நண்பர்களும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை ஸ்தாபித்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் மகாநாட்டை நடத்தினார்கள்.

பிற்காலத்தில் சேர்ந்த ஒரு சீர்திருத்தத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எழுதியவரின் பெயரும் ஊரும் சுருக்கத்தில் தெரியலாகாது என்ற விதியே அது. பெயர் பெற்ற பேராசிரியரும் முதல் ஏட்டை அனுப்பும் மாணவரும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கம், நான்கு புறமும் ஓர் அங்குல ஓரம், 12 புள்ளி எழுத்து: இந்த எல்லைக்குள் வாதமும் அடங்க வேண்டும், உதாரணமும் அடங்க வேண்டும். அவனுக்குப் பசிக்கிறது என்ற வாக்கியத்தை ஒருவர் ஆராய்கிறார் என்றால், முதல் வரியில் வாக்கியத்தையும், இரண்டாம் வரியில் அவன், கு, பசி என்று வினையின் விகுதி வரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றின் இலக்கணத்தையும், மூன்றாம் வரியில் பொருளையும் தருகிறார். தமிழே அறியாத பரீட்சகரும், பசிப்பவன் நான்காம் வேற்றுமையில் நிற்பதையும், வினை அஃறிணை ஒருமையில் முடிவதையும் கண்டு, இவ்வாக்கியத்தில் எழுவாய் எது என்ற வினாவின் கடுமையை உடனே உணர்கிறார். அந்த மூன்று வரிகளைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு, அதன்மேல் ஒரு பக்கம் வாதம் எழுதுவது பெரிதல்ல. அதைப் பிழைபட எழுதியவருடைய வாதத்தைப் பரீட்சகர் நம்பமாட்டார்.

ஆயினும், வந்து குவியும் சுருக்கங்களை நம் கல்வி நிலையங்கள் பேணும் விதம் திருப்தி தருவதாக இல்லை. மகாநாடு முடிந்ததும் அதன் சிறப்பு மலர் அலமாரிக்குப் போகிறது. சுருக்கத் தொகுதி பழைய காகிதக் கடைக்குப் போகிறது. விரிந்த கட்டுரையாக வெளிவராமலே போன ஆராய்ச்சிகள் எத்தனையோ. அவற்றுக்கு அந்தத் தொகுதியைத் தவிர வேறு தடயம் கிடையாது. ஆகவே, மொழியியல் துறைகளின் தலைவர்களையும் நூலகர்களையும் வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் அறைகளில் தூசி படிந்து கிடக்கும் சுருக்கத் தொகுதிகளை எடைக்குப் போடாதீர்கள், அவற்றுக்கு எண் இட்டு, நூலகப் பட்டியலில் சேர்த்து, கேட்கும் மாணவருக்கு எடுத்துக் கொடுங்கள்.