பெல்ஜிய நடுநிலைமையும் பிரித்தானிய மூலதனமும்

பெல்ஜியத்துக்கும் பிரித்தானியாவுக்குமிடையிலான உறவு பற்றிய பொதுச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் 1914 ஆகஸ்ட் 4ஆம் திகதியையே மையமாகக் கொள்கின்றன. ஜேர்மன் படைகள் பெல்ஜியத்துள் நுழைந்தன. 1839ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையில் அளித்த உறுதிமொழியைக் காக்கப் பிரித்தானியா போரில் இறங்கியது என்பதே அங்கு கூறப்படும் வரலாறு. நிகழ்ச்சிகள் உண்மையே. ஆயின் அவ்வுறுதிமொழி எவ்வர்க்கத்தாருக்கு அளிக்கப்பட்டது என்னும் வினாவை எழுப்பாதவரை அவ்வுறவின் உள்ளடக்கத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

1830இல் ஒல்லாந்து மன்னனுக்கு எதிராகப் பிரசெல்ஸ் வீதிகளிற் போரிட்டு மடிந்தோருட் பெரும்பாலோர் கைவினைஞரும் கூலித் தொழிலாளருமே. அவர்களது குருதியிற் பிறந்த அரசியலமைப்போ வாக்குரிமையைச் சொத்துடையோர்க்கு மட்டுப்படுத்தியது. மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே வாக்காளராயினர். நாட்டின் எல்லைகளை இலண்டனிற் கூடிய ஐந்து வல்லரசுகளின் மாநாடு வரைந்தது. 1831இல் அரசேறிய முதலாம் லியோப்போல்ட், விக்டோரியாவின் தாய்மாமன். ஷெல்ட் ஆற்றுமுகம் பிரான்சின் கைக்குப் போகாதிருத்தலே பிரித்தானியாவின் கவலை. அக்கவலைக்கு இடப்பட்ட நாகரிகமான பெயரே நடுநிலைமை.

எனினும் உறவின் வலிய இழை அரச குடும்பமன்று, இயந்திரம். தன் இயந்திரங்களின் ஏற்றுமதியைப் பிரித்தானியா 1843 வரை சட்டத்தாற் கட்டுப்படுத்தியிருந்தது. அச்சட்டத்தைப் பொருட்படுத்தாது, லங்காஷயரைச் சேர்ந்த வில்லியம் கொக்கரில் 1799இலேயே வெர்வியே நகருக்கு வந்து கம்பளி நூற்கும் இயந்திரங்களை அமைத்தார். அவர் மகன் ஜோன் 1817இல் செரேயினில் பெருந் தொழிற்சாலையொன்றை நிறுவினார். 1835இல் பிரசெல்ஸுக்கும் மெக்கலனுக்குமிடையே முதற் புகையிரதம் ஓடியபோது அதனை இழுத்தவை ஆங்கில எஞ்சின்கள். அவ்வாண்டு முடிவதற்குள் செரேயின் தன் சொந்த எஞ்சினை ஆக்கிவிட்டது.

வலோனியாவை வளர்த்த இயந்திரமே பிளாண்டர்சை அழித்தது. அங்குள்ள ஏழை விவசாயிகள் குடிசைகளில் ஆளிநார் நூற்றும் லினன் நெய்தும் பெற்ற வருவாயைக் கொண்டே நிலக் குத்தகையைச் செலுத்தி வந்தனர். மலிவான ஆங்கில இயந்திர நூலுக்கு முன் அக்குடிசைத் தொழில் சரிந்தது. 1845இல் உருளைக்கிழங்கு நோயும் சேர்ந்தது. பஞ்சமும் கொள்ளைநோயும் பின்தொடர்ந்தன. பிரெஞ்சு பேசிய ஆளும் வர்க்கத்துக்குப் பிளெமிஷ் பேசிய அம்மக்களின் மொழியே அந்நியம். அவர்களது பசியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாண்டில் பிரசெல்ஸிற் குடியேறிய மார்க்ஸ், கோடையில் எங்கெல்சுடன் மான்செஸ்டருக்குச் சென்று மீண்டார். அந்நூல் புறப்பட்ட நாடும் அது போய்விழுந்த நாடும் அவருக்கு ஒருங்கே அறிமுகமாயின. 1848 மார்ச்சில் பெல்ஜிய அரசு அவரை நாடுகடத்தியது. நடுநிலைமை வர்க்கப் போராட்டத்துக்குப் பொருந்தாது போலும்!

இவ்வுறவு பின்னர் ஆபிரிக்காவுக்கும் நீண்டது. இரண்டாம் லியோப்போல்டின் கொங்கோக் கொடுமைகளை 1904இல் அம்பலப்படுத்தியது பிரித்தானியக் கொன்சல் ரொஜர் கேஸ்மென்டின் அறிக்கை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் 1908இல் கொங்கோ பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடானபின், 1911இல் பிரித்தானியச் சவர்க்கார முதலாளி லீவர் அங்கு 750,000 ஹெக்டயர் வரை பாமெண்ணெய்க் காடுகளுக்கான உரிமையைப் பெற்றார். 'சின்னஞ்சிறு பெல்ஜியம்' என்று 1914இல் பிரித்தானிய மேடைகள் உருகியபோது, அக்காடுகளிற் கொங்கோ மக்கள் லீவரின் ஆலைகளுக்காகப் பாம் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தனர்.