பெட்டிக்குள்ள அடங்காத சூடு

இன்னிக்கு எபிசோட் ஒரு மரப்பெட்டியோட வரலாறு.

1906-ல அமெரிக்காவுல விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 'விக்ட்ரோலா'வை விட்டாங்க. அதுவரைக்கும் கிராமபோன்னா, பூ மாதிரி விரிஞ்ச குழல் ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. விக்ட்ரோலா அந்தக் குழலை மடிச்சு அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சது. முன்னாடி ரெண்டு சின்னக் கதவு. சத்தம் வேணுமா, திற, போதுமா, சாத்து. வால்யூம் கன்ட்ரோலே அந்தக் கதவுதான்! ஒண்ணு கவனிங்க: இங்க மெஷின் யாரோட அலமாரிக்குள்ளயும் போகல. மெஷினே அலமாரியா வீட்டுக்கு வந்துச்சு.

நம்ம ஊர்ல 1924-ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்குச்சு. 1938-ல ஆல் இந்தியா ரேடியோவோட சென்னை நிலையம் வந்தது. வீடுகளுக்கு வந்தது வால்வு ரேடியோ. முன்பக்கம் பளபளன்னு மரம். பின்பக்கம் திருப்பினா வெறும் அட்டை, அட்டை முழுக்க ஓட்டை! காசு மிச்சம் பண்ணதுன்னு நினைச்சுடாதீங்க. வால்வுக்குள்ள இழை சூடானாத்தான் அது வேலையே செய்யும். அந்தச் சூடு வெளிய போயாகணும். எங்க தாத்தா வீட்டு ரேடியோ சுவரை விட்டு நாலு விரல் தள்ளித்தான் இருக்கும். ஒட்டி வெச்சா திட்டு விழும்.

அடுத்தது ஸ்பீக்கர். ஆழமான பேஸ் வேணும்னா பீரோ சைஸ்ல பெட்டி வேணும்னு இருந்த காலம். 1954-ல எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தாங்க. காத்து புகாம மூடின பெட்டி, நீளம் 25 அங்குலம்தான். உள்ள அடைபட்ட காத்தே ஸ்பிரிங் மாதிரி கோனைத் திருப்பித் தள்ளும். புத்தக அலமாரியில ஸ்பீக்கர் வைக்கிற பழக்கத்துக்கு இது பெரிய தொடக்கம்.

ஆனா சும்மா கிடைக்கல. சின்னப் பெட்டியில அதே பேஸ், அதே சத்தம் வேணும்னா அதிக வாட்ஸ் கேக்கும். அதிக வாட்ஸ்னா பெரிய ஆம்ப்ளிஃபயர். பெரிய ஆம்ப்னா அதிக சூடு. சூடு ஆறணும்னா சுத்தி இடம் வேணும். ஸ்பீக்கர் விட்டுக்கொடுத்த இடத்தை ஆம்ப் கேட்டு வாங்கிடுச்சு! இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இப்ப கேளம்பாக்கத்துக்கு வருவோம். நான் இங்க பார்த்த ஃப்ளாட்டுகள்ல டிவி யூனிட் பெரும்பாலும் ஒரு அடி ஆழம்தான். சுவத்துல மாட்டுற டிவியை மனசுல வெச்சு செஞ்சது. பின்னாடி ப்ளைவுட், முன்னாடி கண்ணாடிக் கதவு. ஏவி ரிசீவரோ பொதுவா 43 செ.மீ. அகலம், ஆழம் பெரும்பாலும் ஒரு அடியைத் தாண்டிடும். பின்னாடி ஒயர் வளையறதுக்கு இன்னும் 5 செ.மீ. வேணும்.

என் நண்பன் ஒருத்தன் ஒண்ணரை வருஷம் காசு சேர்த்து ஒரு ரிசீவர் வாங்கினான். எப்படியோ திணிச்சு, குழந்தை கை வைக்கும்னு கதவையும் சாத்திட்டான். படம் பாதியில ஆஃப் ஆகும், ஆறினா மறுபடி வரும். அது மெஷின் தன்னைக் காப்பாத்திக்கிற வழி. ஒரு மே மாசம் மொத்தமா போயிடுச்சு.

இன்னிக்கு கிளாஸ்-டி ஆம்ப்ஸ் இருக்கு. வாங்குற கரன்ட்ல பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே குடுத்துடும், சூடு ரொம்பக் கம்மி. இடுக்குக்கு அதுதான் என் ஓட்டு. ரிசீவர்தான் வேணும்னா மேல நாலஞ்சு அங்குலம் விடுங்க, பின்பலகையை வெட்டுங்க. ஸ்பீக்கரையும் ஷெல்ஃப்ல வைக்கிறதா இருந்தா, பின்பக்கம் ஓட்டை இருக்கிற மாடல் வேண்டாம், பேஸ் குழம்பிடும்.

எங்க வீட்டுல பின்பலகையை வெட்டச் சொன்னப்போ கார்பென்டர் அண்ணன், "தம்பி, கரப்பான் உள்ள வருமே?"ன்னார். நியாயமான கேள்வி. கொசுவலைக் கம்பியை அளந்து அடிச்சுக் குடுத்தார்.